நொண்டுற நாய்க்கு மனுஷ மாத்திரை பாதி குடுக்கலாமா? குடுக்காதீங்க

"நாய் நொண்டுதா, நம்ம வலி மாத்திரைல பாதி குடுங்க, கத்தலன்னா வலியே இல்ல"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. ரெண்டுமே தப்பு.

ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், கிட்னியையும் அடிக்கும், பாராசிட்டமால் அளவு மீறினா கல்லீரல் போயிடும். நாய்க்குன்னே கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம்னு வலி மருந்தெல்லாம் இருக்கு, ஆனா அதையும் எடை பாத்து டாக்டர்தான் சொல்லணும், ஸ்டீராய்டு ஓடிட்டு இருந்தா அதோட சேத்து குடுக்கவே கூடாது. ஏற்கனவே குடுத்துட்டீங்களா, வாந்தி வரட்டும் பாக்கலாம்னு உக்காராம உடனே டாக்டருக்கு போன் போடுங்க.

அப்புறம் அந்த கத்தல் விஷயம். மூட்டு தேய்ஞ்ச நாய் பெரும்பாலும் கத்தாது, தூங்கி எந்திரிச்சதும் நாலு அடி விறைப்பா நடக்கும், படி முன்னாடி நின்னு யோசிக்கும், ஒரே மூட்ட நக்கிட்டே இருக்கும், நாமதான் "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடுவோம். நடக்கும்போது தலைய பாருங்க, முன்னங்கால்ல வலின்னா அந்த கால் தரைல படும்போது தலை மேல தூக்கும், நல்ல கால் படும்போது இறங்கும். திடீர்னு நொண்டுனா மொதல்ல விரல் இடுக்க விரிச்சு பாருங்க, சில நேரம் வெறும் முள்ளுதான் (நான் எக்ஸ்ரே வரைக்கும் யோசிச்சுட்டேன்). கால ஊனவே மாட்டேங்குது, வீங்கிருக்குன்னா அன்னைக்கே காட்டணும், முறிவோ முட்டி ஜவ்வு கிழிஞ்சதோ இருக்கலாம்.

குண்டு நாய்க்கு எடை குறைச்சாலே நடை நல்லா தேறும், அத மட்டும் எந்த ஃபார்வர்டும் சொல்றதில்ல.