கேட்டேனா பெரியப்பா, கவாத்து பண்ணச் சொல்லி?

இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் ஆறு ரோஜாச் செடிக்கும் மொட்டை! ஒரே உயரத்தில், மட்டம் வைத்து வெட்டியது போல நிற்கின்றன. செய்தது பெரியப்பா. "ஒரே காடா கிடந்துச்சு, கவாத்து பண்ணி விட்டேன்" என்று பெருமை வேறு. வயதில் பெரியவர், என்னவென்று திட்டுவது?

காகிதம் வெட்டுகிற கத்தரிக்கோலால் செய்வதற்குப் பெயர் கவாத்தா? தண்டு வெட்டுப்படவே இல்லை. மென்று துப்பியது மாதிரி நசுங்கி, நார் நாராகத் தொங்குகிறது. வெளிப்பக்கம் பார்த்த கணுவைத் தேடி, அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டணும். அப்போதுதான் புதுக்கிளை வெளியே விரியும், செடி நடுவில் காற்றும் வெயிலும் புகும். இவரோ கை போன இடத்தில் வெட்டியிருக்கிறார். கணுவுக்கு மேலே இரண்டு அங்குலக் குச்சி வெட்டியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கருகும். கருகல் அதோடு நிற்குமா? தண்டு வழியே கீழே இறங்கும்! ஒரு செடியில் ஏற்கெனவே நுனிக்கருகல் நோய். அதை வெட்டிய கத்தரியைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே மற்ற ஐந்திலும் போட்டிருக்கிறார். காய்ந்த குச்சிகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. "கெட்டியா இருந்துச்சு, வெட்ட வரல." அடடா!

சரி, இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ரோஜா அத்தனை லேசில் சாகாது, ஆறேழு வாரத்தில் திரும்பப் பூத்துவிடும். என் வயிறு எரிவது அந்த ஓரத்துச் செடிக்காக. பூக்கிற ரோஜாவை வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் வளர்த்திருப்பார்கள்; அந்த ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து ஒரு தளிர் கிளம்பியிருந்தது. ஏழேழு சிற்றிலையோடு மதமதவென்று வளர்ந்து, மேலே போகிற சத்தையெல்லாம் உறிஞ்சுகிற ஆள் அது. ஊருக்குப் போய் வந்து முதல் வேலையாக அதைத்தான் எடுக்கணும் என்றிருந்தேன். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? பூக்கிற கிளை அத்தனையையும் சாணளவுக்குக் குறைத்துவிட்டு, அந்தத் தளிரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். ஒரு குச்சியை ஊன்றிக் கட்டியும் விட்டிருக்கிறார்!

அதை வெட்டினால் மறுபடி தழைக்கும். அதனால் மண்ணைக் கிளறி, கிளம்பிய இடத்தைக் கண்டுபிடித்து, அடியோடு பிய்த்தேன். முள் மணிக்கட்டு வரை கீறிவிட்டது. பின்னாலிருந்து குரல்:

"ஐயையோ, இருந்த ஒரே நல்ல கிளையையும் பிடுங்கிட்டியே!"