நிலவு நாளும் நாலு ஸ்பீக்கரும்

32 வருடம் பொலிஸில் இருந்தவன் நான். பொங்கலுக்கு டியூட்டி, நத்தாருக்கு டியூட்டி, ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தக் கூட்டத்துக்குள் நின்று டியூட்டி. பென்சன் எடுத்த பிறகாவது போயா லீவை, அதுதான் பௌர்ணமி லீவை, லீவாகக் கழிக்கலாம் என்று இருந்தேன்.

பெரிய ஆசை ஒன்றுமில்லை. கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்க வேண்டும். அப்பா அப்படித்தான் காட்டித் தந்தார். நனைந்த மரம் காதில் சில்லென்று ஒட்டும். அப்புறம் அடியில் எங்கோ ஒரு தந்தியை மெல்லச் சுண்டிவிட்ட மாதிரி ஓர் அதிர்வு. அதற்கு நல்ல நிலவு வேண்டும், அமைதி வேண்டும்.

நிலவு இருக்கிறது. அமைதி எங்கே? ஓட்டோவுக்குள் ஸ்பீக்கர், வேனுக்குள் ஸ்பீக்கர், நடந்து வருகிறவன் தோளிலும் ஸ்பீக்கர்! நாலு பாட்டு ஒரே நேரத்தில் போனால் எந்தப் பாட்டைத்தான் கேட்பது? பாட்டுப் போடுகிறவனுக்காவது ஒரு வரி விளங்குமா? தோணிப் பலகையே நடுங்குகிறது.

"தம்பி, கொஞ்சம் குறைங்க" என்றேன்.

"லீவு நாள்தானே ஐயா!"

எனக்கும் லீவு நாள்தானே மகன்! மாதத்தில் ஒரு பௌர்ணமி. அதையும் பிடுங்கினால் நான் எங்கே போவேன்?

நேற்றுப் பத்து மணி வரை துடுப்பில் காதை வைத்திருந்தேன். தண்ணீருக்குள்ளும் அந்தத் தும் தும் சத்தம்தான்.