குல்லா எங்கே, குல்லா?

கொடைக்கானலுக்குக் கைக்குழந்தையோட போக இ-பாஸ் மட்டும் போதும்னு நெனச்சீங்களா? அது ஐகோர்ட் உத்தரவால 2024 மே மாசம் வந்த நடைமுறை, ஆன்லைன்ல சுலபமா கிடைச்சுடும். வழியில பாக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் குல்லா பாஸ் வாங்கணுமே, அதுதான் உசுரை வாங்குது.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினதுமே பால் வாந்தி. என் சட்டை, அவங்கம்மா துப்பட்டா, சீட் பெல்ட் சந்து, எல்லாத்துக்கும் அபிஷேகம். போகட்டும். வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட நிறுத்தி, டிக்கியைத் திறந்து, டயப்பர் மாத்திட்டிருக்கேன். பின்னால ஒரு குரல்: "ஏம்ப்பா, புள்ளைக்கு குல்லா போடலையா?" டயப்பரே இல்லாம கிடக்கான், இப்ப குல்லாதான் பிரச்சினையா?

போட்டோம்ங்க! மஞ்சள் கம்பளிக் குல்லா, காது மடலோட, தாடைக்குக் கீழ முடிச்சுப் போடுற கயிறோட. அந்தக் கயிறை வாயில வெச்சு ஊறவெச்சு, இழுத்து, பிடுங்கி வீச அவனுக்கு அரை நிமிஷம் போதும். தலையில குல்லா இருக்கிற அந்த அரை நிமிஷத்துல ஒரு ஈ காக்கா வராது. கழட்டினதும் வரிசையா வருவாங்க. கோக்கர்ஸ் வாக்ல ஒரு பாட்டி. ஏரிக்கரையில சோளம் சுடுற அக்கா. குதிரைக்காரர். (குதிரையும் ஒரு மாதிரியாத்தான் பாத்துச்சு.) கோன் ஐஸை நக்கிக்கிட்டே "பனி இறங்குது தம்பி"ன்னு ஒரு பெரியவர். மத்தியானம் ரெண்டு மணிக்கு, மண்டையைப் பிளக்குற வெயில்ல, எங்கேங்க இறங்குது? உங்க தலையில ஏன் இறங்கல?

ராத்திரி ரூமுக்கு வந்தா எங்கம்மா வீடியோ கால். சிக்னல் விட்டு விட்டுப் போகுது, முகம் உறைஞ்சு நிக்குது, பேச்சு ஒண்ணும் புரியல. "குல்லா எங்கடா?" மட்டும் கணீர்னு கேக்குது.