துப்பாக்கியில் பணம் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

"அண்ணே, பழைய துப்பாக்கி வாங்கிப் போட்டா மனைக்கட்டு மாதிரி விலை ஏறுமாமே?" போன வாரம் சிங்கப்பூரிலிருந்து சித்தி மகன் கேட்டான். போனில் பதில் சொல்லி முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடி பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன, மூன்றும் உரிமத்தோடு. மூத்தது கொள்ளுத்தாத்தா வாங்கிய, இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த இரட்டைக்குழல். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் மாதிரியான குதிரை இரண்டும் வெளியே தெரியும். குழலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வாய்க்கால் தண்ணீரில் காற்றடித்த மாதிரி வரி வரியாக ஓடும். டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிய பட்டையை ஒரு தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. கறுப்பு வெடிமருந்தான கரிமருந்துக் காலத்து வேலை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துக் கையே போகலாம். பெரியப்பா அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் துடைத்ததைத்தான். ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறும் என்று வாரம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் போடுவார். தேங்காய் எண்ணெய் பிசுக்காகி இறுகிவிடுமாம். ஆயுதபூஜைக்குச் சந்தனம் பிடிக்கும் மரக்கட்டையில் மட்டும்தான், குழலில் வைக்கவே விடமாட்டார். குழல் வெடியைத் தாங்கும் என்று சோதித்துக் குழலடியில் குத்திய முத்திரையை விரலால் தடவிக் காட்டியதும் அவர்தான். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

தம்பி, இனி பணக்கணக்கு. அமெரிக்காவில் 1898 வரை செய்த துப்பாக்கி, அவர்களுடைய மத்தியச் சட்டப்படி பழம்பொருள். வாங்கலாம், விற்கலாம், ஏலம் விடலாம். நமக்கு 1959 ஆயுதச் சட்டம். சுடக்கூடிய துப்பாக்கி என்றால் உரிமம் உள்ளவருக்குத்தான் விற்க முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, முன்பு மூன்று. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். இரண்டை வைத்துக்கொண்டு என்ன சேகரிப்பு? நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள், 1972 சட்டப்படி நீ அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகவும் முடியாது. வாங்க ஆளில்லாத பொருளுக்கு விலை ஏறி என்ன பயன்?

அந்தத் திருத்தம் வந்தபோது பெரியப்பா ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. சுடாமலே வைத்திருந்ததைத்தான் கொடுத்தார், மூத்ததை. எனக்கு இன்னும் ஆறவில்லை. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம் ஆயுதத்துக்கு உரிமமே வேண்டாம் என்று ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. குழலை நிரந்தரமாக அடைத்து, அதிகாரிகள் சோதித்துச் சான்று தந்திருந்தால் அது வீட்டிலேயே இருந்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. சுடுகிற துப்பாக்கிக்கு இரண்டு என்ன, ஒன்று போதும் என்றாலும் சரி. ஆனால் சுடாத பழம்பொருளைத் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளும் எளிய வழியை மாவட்டந்தோறும் அறிவித்துச் செய்ய வேண்டும். வீட்டில் வைக்க முடியாதவர்களிடம் அருங்காட்சியகமாவது கேட்டு வாங்க வேண்டும்.

நீ பணத்தை வேறெதிலாவது போடு. தை மாதம் வரும்போது எழும்பூர் அருங்காட்சியகம் போவோம், தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. அப்படியே தஞ்சாவூர் வந்து பீரங்கிமேடு ஏறிவிட்டு, பெரியப்பாவையும் பார்த்துவிடலாம். மூத்தது இருந்த தேக்குப் பெட்டியை இன்னும் துடைத்துத்தான் வைத்திருக்கிறார்.