போர்ட் திறந்தும் யாரும் உள்ளே வர முடியவில்லையா?
நண்பர்களோடு மைன்கிராஃப்ட் விளையாட வீட்டுக் கணினியிலேயே சர்வர் ஓட்ட, ரவுட்டரில் 25565 போர்ட்டை (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) திறந்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது போதவில்லை. இரண்டு ராத்திரி வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலோடு மல்லுக்கட்டிய பிறகுதான், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி எண்) 100.72 என்று தொடங்குவதைக் கவனித்தேன். 100.64 முதல் 100.127 வரை எதுவாக இருந்தாலும், இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். அப்போது நம் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. தனிப் பொது ஐபி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நண்பர்கள் எல்லோரும் ஒரே விபிஎன்னில் (தூரத்துக் கணினிகளை ஒரே வலையமைப்பில் இருப்பதுபோல் இணைக்கும் வசதி) சேர்ந்துகொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோம். அப்புறம், நாம் கட்டியதெல்லாம் சேமிக்கப்படும் வேர்ல்ட் ஃபோல்டரை பேக்கப் எடுக்கும் முன் சர்வரை நிறுத்திவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பேக்கப் எங்களுக்குத் திறக்கவே இல்லை. மூன்று மாதம் கட்டிய கோட்டை அதோடு போயிற்று.