சத்தியம் செய்தால் எல்லோரும் தப்ப முடியாது

"யூதச் சட்டப்படி, ஒப்படைத்த பொருள் களவு போனால் சத்தியம் செய்துவிட்டுத் தப்பிவிடலாம்" என்று சொல்வது பாதிதான் சரி. அது கூலி வாங்காமல் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும். கறாரான சட்டத்தை இப்படிச் சுருக்குவது அநியாயம். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு, பிறர் பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்களைக் கூலி வாங்காமல் காப்பவர், கூலிக்குக் காப்பவர், வாடகைக்கு எடுத்தவர், இரவல் வாங்கியவர் என்று நான்காகப் பிரிக்கிறது: கூலிக்குக் காப்பவரும் வாடகைக்கு எடுத்தவரும் களவு போனாலும் தொலைந்தாலும் பணம் கட்டியே ஆக வேண்டும், மாடு தானாகச் செத்தது, கொள்ளையர் ஓட்டிப்போனார்கள் என்றால்தான் சத்தியம். இரவல் வாங்கியவருக்கு அதுவும் கிடையாது, உழவுக்கு வாங்கிய மாடு உழும்போதே செத்து விழுந்தாலோ, மாட்டுக்காரரையும் சேர்த்தே வேலைக்கு அழைத்திருந்தாலோ தவிர. அப்புறம், கூலி வாங்காதவரும் அசட்டையாக இருக்கவில்லை, பொருளைத் தனக்கென்று தொடவில்லை, அது இப்போது தன்னிடம் இல்லை என்று மூன்றுக்கும் சத்தியம் செய்ய வேண்டும். 'திருடு போச்சு' என்று பொய்ச் சத்தியம் செய்த பிறகு, எடுத்தது அவரேதான் என்று சாட்சிகள் சொன்னால் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும்.