80 சதவீதம் எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் நிலம் ஆடினால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரி சுற்ற ஆரம்பித்துவிடும்: ஜப்பானின் தெற்குக் கரையோரக் கடலடியில் இருக்கும் நன்காய் பள்ளத்தில் 30 வருடத்துக்குள் பெரிய நிலநடுக்கம் வர 80 சதவீத வாய்ப்பு. ஜோசியர் சொன்னதில்லை இது, அந்நாட்டு அரசின் நிபுணர் குழு சொன்னது. ஆனால் அதன் அடித்தளத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஷிகோகு தீவில் முரோட்சு என்று ஒரு சின்னத் துறைமுகம். 1707 நிலநடுக்கத்தில் அங்கே தரை மேலே எழும்பியது. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் தண்ணீரின் ஆழத்தை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்த கணக்கு: 1707-ல் உயர்ந்தது 1.8 மீட்டர், அடுத்த நடுக்கம் 147 வருடம் கழித்து 1854-ல். அப்போது 1.2 மீட்டர், அடுத்தது 92 வருடத்தில், 1946-ல். அந்த முறை 1.15 மீட்டர். ஆக, எவ்வளவு எழும்புகிறதோ அதற்கேற்ற இடைவெளி; அடுத்தது 2034 வாக்கில்! மூன்றே மூன்று நடுக்கம், ஒரே ஒரு துறைமுகம். அதையும் இடையில் தூர்வாரியிருந்தால்? கேள்விகள் வலுத்து, 2025-ல் அந்தக் குழுவே இரண்டு கணக்கை வெளியிட்டது. ஒன்று 60 முதல் 90 சதவீதத்துக்கு மேல், இன்னொன்று 20 முதல் 50 சதவீதம். எதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டிலும் இதே கதைதான். நடுக்கங்களுக்கு இடையே சராசரி 22 வருடம், அதனால் 1993-க்குள் வந்துவிடும் என்று கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004-ல்.

அதற்காகப் பழைய பதிவுகள் வீண் என்று நான் சொல்லவில்லை. 'எப்போது' என்று கேட்டால்தான் அவை சொதப்புகின்றன. 'எவ்வளவு பெரிசு' என்று கேட்டுப் பாருங்கள். 869-ல் ஜப்பானின் செண்டாய் பக்கம் கடல் உள்ளே புகுந்து ஆயிரம் பேர் மூழ்கியதாக அரசவைக் குறிப்பு இருக்கிறது. அங்கே வயலைத் தோண்டியவர்கள், களிமண்ணுக்கு நடுவே கடல் மணல் அடுக்கு கிடப்பதைக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வரை பார்த்தார்கள். 2009-ல் ஒரு நிலவியலாளர் புகுஷிமா அணுவுலை பற்றிய அரசுக் கூட்டத்திலேயே இதை எடுத்துச் சொன்னார். உலை கணக்கில் எடுத்திருந்த அலை 6 மீட்டருக்கும் குறைவு. 2011 மார்ச் 11 அன்று வந்தது சுமார் 14 மீட்டர். தேதி தெரிந்து ஆக வேண்டியது எதுவும் இல்லை அங்கே. உலையைக் குளிர்விக்க அவசர மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டர்களைத் தண்ணீர் எட்டாத மேட்டில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

நம் கரையைத் தாக்கிய 2004 அலைக்கும் ஒரு மூத்த அலை உண்டு. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் சுமார் 600 வருடப் பழைய மணல் அடுக்கு கிடைத்திருக்கிறது. தோண்டிப் பார்த்தது 2004-க்கு அப்புறம். எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.